நாய்க்குட்டியின் முழங்கால் எலும்பு முறிந்தால்: சிங்கப்பூரில் அறுவை சிகிச்சைக்கு ஒரு வழிகாட்டி

ஒரு வயது நிரம்பாத நாய்க்குட்டியை வளர்ப்பவர்களுக்காக, அதிலும் முதன்முறையாக நாய் வளர்ப்பவர்களுக்காக, இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டுக் குட்டி சோபாவிலிருந்து குதித்தபோது பின்னங்கால் முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு பெயர்ந்தது. அறுவை சிகிச்சை நடந்து, அது மீண்டும் நான்கு காலில் நடக்கும்வரை, எந்தத் தாளை யாரிடம் கேட்பது, பணம் எப்போது எவ்வளவு தேவைப்படும், எதைத் தள்ளிப்போடலாம், எதைத் தள்ளிப்போடவே கூடாது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக விசாரித்தே அறிய வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குட்டியின் எலும்பு வளர்ந்த நாயின் எலும்பைவிட மிக விரைவாகக் கூடும். சரியான இடத்தில் பொருத்தி வைத்தால் அந்த வேகம் நமக்கு உதவும்; பெயர்ந்த நிலையிலேயே விட்டால் அதே வேகத்தில் தவறான இடத்தில் கூடத் தொடங்கிவிடும். ஆகவே கீழே சொல்லும் முதல் நான்கு படிகளும் ஓரிரு நாள்களுக்குள் முடிய வேண்டியவை.

1. முதல் சில மணி நேரம்

குட்டி பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நடந்தாலோ, முழங்காலைச் சுற்றி வீக்கம் தெரிந்தாலோ, தொட்டவுடன் அலறினாலோ, சுளுக்கு என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். வளர்ந்த நாய்க்கு முழங்காலில் அடிபட்டால் பெரும்பாலும் தசைநார் கிழியும். வளரும் குட்டிக்கோ, தசைநாரைவிட எலும்பின் நுனியருகே இருக்கும் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீளமாக வளரும் இடம், பலவீனமானது. ஆகையால் அதே அடியில் எலும்பே பெயர்ந்துவிடுகிறது. காலைக் கொஞ்சம் ஊன்றுகிறது என்பதால் முறிவு இல்லை என்று முடிவுகட்டவும் முடியாது. சில முறிவுகளில் குட்டி நொண்டியபடியே நடக்கும்.

வீட்டில் இருக்கும் வலி மாத்திரை எதையும் கொடுக்க வேண்டாம். மனிதர்கள் சாப்பிடும் இபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அது உடலில் இருக்கும்போது கால்நடை மருத்துவர் தன் மருந்தைப் பாதுகாப்பாகக் கொடுப்பதும் கடினமாகிவிடும். நல்லெண்ணெய் தடவி நீவுவது, குச்சி வைத்துக் கட்டுவது ஆகிய இரண்டும் பெயர்ந்த துண்டை மேலும் நகர்த்தும். தொடை எலும்பு முறிவில் கட்டு போடுவது குறிப்பாகக் கேடு விளைவிக்கும், ஏனெனில் கட்டு இடுப்புவரை ஏறாமல் முறிந்த இடத்திலேயே முடிந்து, அதன் எடையே எலும்பை ஆட்டிக்கொண்டிருக்கும்.

குட்டியைத் தடித்த துண்டிலோ, தாழ்வான அட்டைப்பெட்டியிலோ படுக்க வைத்து, அடிபட்ட கால் மேலே இருக்கும்படி தூக்குங்கள். எவ்வளவு சாதுவான குட்டியும் வலியில் கடிக்கும். எம்ஆர்டியிலும் பேருந்திலும் செல்லப்பிராணிகளை ஏற்ற முடியாது என்பதால், சொந்த வாகனம் இல்லாதவர்கள் கிராப்பெட் போன்ற செல்லப்பிராணி வாகனச் சேவைகளின் செயலியை முன்கூட்டியே கைப்பேசியில் வைத்திருப்பது நல்லது. இரவில் திறந்திருக்கும் அவசர மருந்தகத்தின் எண்ணையும் அவ்வாறே சேமித்து வையுங்கள். இரவுக் கட்டணம் பகலைவிடக் கூடுதலாக இருக்கும்.

குட்டி வாகனத்தில் அடிபட்டிருந்தாலோ உயரத்திலிருந்து விழுந்திருந்தாலோ, முழங்காலைவிட மார்பும் வயிறும் முதலில் கவனிக்கப்பட வேண்டும். ஈறு வெளுத்திருந்தால், மூச்சு வேகமாக வாங்கினால், எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தால், விடியும்வரை காத்திருக்காமல் உடனே புறப்படுங்கள். சாலை விபத்து எனில், ஓட்டுநர் சட்டப்படி வண்டியை நிறுத்த வேண்டும். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு காவல்துறையில் புகார் பதிவுசெய்தால், பின்னர் இழப்பீடு கேட்கும்போது அந்தப் புகாரின் நகல் உதவும்.

2. எக்ஸ்ரே எடுக்கும்போது கேட்க வேண்டியவை

இந்த முறிவுகள் தவறவிடப்படுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். வளர்ச்சித் தட்டு குருத்தெலும்பால் ஆனது. எக்ஸ்ரேயில் அது இயல்பாகவே ஒரு கருப்புக் கோடாகத் தெரியும். அடிபடாத காலிலும் அந்தக் கோடு இருக்கும் என்பதால், அடிபட்ட காலை மட்டும் எடுத்தால் இயல்பான கோட்டை முறிவு என்றும், உண்மையான முறிவை இயல்பு என்றும் கருத இடமுண்டு. ஆகவே இரண்டு முழங்கால்களையும் ஒரே கோணத்தில், பக்கவாட்டிலும் முன்பக்கத்திலும் எடுக்கும்படி கேளுங்கள். படம் கூடுவதால் கட்டணமும் கூடும். ஆனாலும் இந்தச் செலவைக் குறைக்க முயல வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

வலியில் துடிக்கும் குட்டியை அசையாமல் பிடித்து முழங்காலை மடக்கிப் படமெடுக்க முடியாது. மயக்க ஊசி போட்டு எடுப்பதே குட்டிக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது. அதற்கு முன் இரத்தப் பரிசோதனை செய்வார்கள். அதன் முடிவு சில நாள்களுக்குள் நடக்கும் அறுவை சிகிச்சைக்கும் செல்லுமா என்று கேட்டு வைத்தால், ஒரே பரிசோதனைக்கு இருமுறை பணம் கட்டுவதைத் தவிர்க்கலாம். கீழே விழுந்த குட்டிக்கு மார்பு எக்ஸ்ரேயும் வேண்டும். மயக்கமருந்து கொடுக்கும் முன் நுரையீரல் நலமாக இருப்பது தெரிந்தாக வேண்டும்.

படங்களைக் கைப்பேசியில் புகைப்படமாக வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அறுவை மருத்துவர் அளவெடுக்கக்கூடிய மூலக் கோப்பு, அதாவது டைகாம் கோப்பு, வேண்டும் என்று சொல்லி மின்னஞ்சலில் பெறுங்கள்.

3. எந்த எலும்பு, எந்த வகை முறிவு என்று அறிதல்

மருத்துவர் விரைவாகச் சொல்லிச்செல்லும் பெயர்களைப் புரிந்துகொண்டால்தான் அடுத்த படியில் சரியான கேள்விகளைக் கேட்க முடியும். குட்டிகளின் முழங்காலைச் சுற்றி முக்கியமாக மூன்று இடங்களில் முறிவு ஏற்படுகிறது.

முதலாவது, கீழ்க்கால் எலும்பின் முன்பக்க மேடு பெயர்வது. இதை ‘டிபியல் டியூபராசிட்டி அவல்ஷன்’ என்பார்கள். தொடையின் பெரிய முன்தசை முழங்கால் சில்லின் வழியாக வந்து இந்த மேட்டில்தான் பற்றிக்கொள்கிறது. மேடும் எலும்பும் ஒன்றாக இறுகாத வயதில், ஏறத்தாழ 4 முதல் 8 மாதங்களுக்குள், குட்டி தாவி இறங்கும் வேகத்தில் தசை அந்த மேட்டைப் பிய்த்து மேலே இழுத்துவிடுகிறது. இதற்குப் பெரிய விபத்து தேவையில்லை. எக்ஸ்ரேயில் முழங்கால் சில்லு வழக்கத்தைவிட மேலே ஏறியிருப்பது இதன் அடையாளம். டெரியர் இனங்களிலும் கிரேஹவுண்ட் இனத்திலும் இது அதிகம் காணப்படுகிறது.

இரண்டாவது, தொடை எலும்பின் கீழ்நுனி வளர்ச்சித் தட்டில் முறிவது. நாய்க்குட்டிகளுக்கு ஏற்படும் வளர்ச்சித் தட்டு முறிவுகளில் இது மிகவும் பரவலானது. பெரும்பாலும் விழுவதாலோ வாகனம் மோதுவதாலோ நேர்கிறது. பின்தொடைத் தசைகளின் இழுப்பால் கீழ்த்துண்டு பின்னோக்கிச் சரிந்துவிடும் என்பதால், அறுவை சிகிச்சை இன்றி இது தானாக நேராவதில்லை. தொடை எலும்பின் நீள வளர்ச்சியில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்தத் தட்டிலிருந்துதான் வருகிறது. எனவே குட்டி எவ்வளவு சிறியதோ அவ்வளவு கவனம் தேவை.

மூன்றாவது, கீழ்க்கால் எலும்பின் மேல்நுனித் தட்டே நழுவுவது. சில நேரங்களில் முதலில் சொன்ன மேடும் இதனுடன் சேர்ந்து பெயரும்.

அறிக்கையில் ‘சால்ட்டர்-ஹாரிஸ்’ என்று எழுதி 1 முதல் 5 வரை ஓர் எண் போட்டிருப்பார்கள். முறிவு வளர்ச்சித் தட்டை எப்படிக் கடந்து செல்கிறது என்பதை அந்த எண் குறிக்கிறது. 1, 2 வகைகள் மூட்டின் உட்பரப்பைத் தொடாதவை. 3, 4 வகைகளில் கோடு மூட்டுக்குள் செல்வதால், துண்டுகள் இடைவெளியின்றிப் பொருந்தாவிட்டால் பின்னாளில் மூட்டு தேய்ந்து வாதம் வரும். 5ஆம் வகையில் தட்டு நசுங்கியிருக்கும். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமல், சில வாரங்களுக்குப் பின் கால் வளர்வது நின்றபோதுதான் தெரியவரும். எந்த மருத்துவரும் முதல் நாளிலேயே, கால் முழுமையாக வளரும் என்று உறுதி சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

சிறிய இனக் குட்டிகள் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: முழங்கால் சில்லு ஏற்கெனவே நழுவும் தன்மை உடையதா? டாய் பூடல், பொமரேனியன் போன்ற இனங்களில் அது அடிக்கடி இருக்கும். அதையும் இதே அறுவையில் சரிசெய்ய வேண்டுமா என்பது மருத்துவர் முடிவு. ஆனால் காப்புறுதிக் கோரிக்கையில் அந்த ஒரு வரி பெரிய சிக்கலாகலாம் என்பதால் முறிவும் சில்லு நழுவலும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும்.

4. அறுவை மருத்துவரைத் தேர்ந்தெடுத்தல்

சிங்கப்பூரில் பணியாற்றும் கால்நடை மருத்துவர்களுக்கும் மருந்தகங்களுக்கும் தேசியப் பூங்காக் கழகத்தின் கீழுள்ள ஏவிஎஸ், அதாவது விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவு, உரிமம் வழங்குகிறது. உரிமம் பெற்ற மருந்தகங்களின் பட்டியலை அதன் இணையத்தளத்தில் பார்க்கலாம். உரிமம் உள்ள எல்லா மருத்துவர்களும் எலும்பு அறுவையை வழக்கமாகச் செய்பவர்கள் அல்லர். வளர்ச்சித் தட்டு முறிவில் துண்டு மிகச் சிறியது, மென்மையானது. ஒரு கம்பியைத் தவறாகச் செலுத்தினால் இரண்டாவது முறை செலுத்த எலும்பில் இடமிருக்காது. எனவே எலும்பு அறுவையில் தனிப்பயிற்சி பெற்றவரிடம் அனுப்பும்படி உங்கள் வழக்கமான மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பரிந்துரைக் கடிதம் அன்றே வேண்டும். தொடை எலும்பின் கீழ்நுனி முறிவை முதல் இரண்டு மூன்று நாள்களுக்குள் பொருத்துவது எளிது. அதன்பின் புதிய எலும்புத் திசு இடைவெளியை நிரப்பத் தொடங்கி, தசையும் சுருங்கி, துண்டுகளை மீண்டும் இடத்துக்குக் கொண்டுவரவே பெரும்பாடுபட வேண்டியிருக்கும். அடுத்த வாரம்தான் நேரம் கிடைக்கும் என்று சொன்னால், காத்திருப்புப் பட்டியலில் பெயரைக் கொடுத்துவிட்டு மற்ற இடங்களையும் அதே நாளில் தொலைபேசியில் கேளுங்கள். எங்கள் குட்டிக்கு இப்படிக் கேட்டதால்தான் விரைவில் இடம் கிடைத்தது.

எல்லா முறிவுக்கும் அறுவை தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முன்பக்க மேடு துளியும் நகரவில்லை எனில், கடுமையான ஓய்வும் கட்டும் போதும் என்று மருத்துவர் சொல்லலாம். அப்படியானால் சில நாள்களில் மறு எக்ஸ்ரே எடுத்து, மேடு நகரவில்லை என்று உறுதிசெய்யும் தேதியையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

அறுவை மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்:

- குட்டிக்கு இன்னும் எவ்வளவு வளர்ச்சி மீதமிருக்கிறது?
- வழவழப்பான கம்பி மட்டும் செலுத்துவீர்களா, இழுத்துக் கட்டும் கம்பியும் போடுவீர்களா, திருகாணியா?
- அவற்றை மீண்டும் எடுக்க வேண்டுமா? எப்போது? அதன் கட்டணம் இந்த மதிப்பீட்டில் அடங்குமா?
- அறுவைக்குப் பின் கட்டு போடுவீர்களா, அல்லது முழங்காலை உடனே அசைக்க விடுவீர்களா?
- இரவில் மருத்துவமனையில் குட்டியை யார் பார்த்துக்கொள்வார்கள்?

இரண்டாவது, மூன்றாவது கேள்விகளின் காரணத்தை விளக்கிவிடுகிறேன். வளர்ச்சித் தட்டு இளநீரின் வழுக்கை போல இளகிய பருவத்தில் இருக்கிறது. வயது ஏறஏற முற்றி எலும்பாகிவிடும். வழவழப்பான மெல்லிய கம்பிகள் தட்டைக் குறுக்கே கடந்தாலும், எலும்பு அவற்றின் மீது வழுக்கி வளர இடமுண்டு. முன்பக்க மேட்டை எட்டு வடிவக் கம்பியால் கீழே இழுத்துக் கட்டினால், பிடிமானம் உறுதியாக இருக்கும். ஆனால் அது தட்டை நெரித்து, அந்த இடத்து வளர்ச்சியை நிறுத்திவிடும். எட்டு மாதக் குட்டிக்கு இதனால் பெரிய இழப்பில்லை. நான்கு மாதக் குட்டிக்கோ மேடு கீழே தங்கிப்போய், கீழ்க்கால் எலும்பின் மேல்தளச் சாய்வே மாறிவிடலாம். அதனால் மிக இளம் குட்டிகளுக்குச் சில மருத்துவர்கள் வெறும் கம்பிகளோடு நிறுத்துவார்கள், அல்லது இழுகம்பியை எலும்பு கூடியவுடன், ஏறத்தாழ மூன்று நான்கு வாரங்களில், எடுத்துவிடுவார்கள். தொடை எலும்பு முறிவுக்குப் பெரும்பாலும் இரண்டு கம்பிகளைக் குறுக்காகச் செலுத்துவது வழக்கம்.

5. செலவு

இங்கே செல்லப்பிராணி மருத்துவம் முழுவதும் தனியார் கட்டணம்தான். மெடிசேவ் பணத்தை இதற்குப் பயன்படுத்த முடியாது. நாங்கள் வாங்கிய அறுவை மதிப்பீடுகள் எல்லாமே நான்கு இலக்கத்தில் இருந்தன. ஒரு மருத்துவமனைக்கும் இன்னொன்றுக்கும் இருந்த வேறுபாட்டில் பெரும்பகுதி, எதைச் சேர்த்திருக்கிறார்கள், எதை விட்டிருக்கிறார்கள் என்பதால் வந்தது. எனவே மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடுவது வீண்.

மதிப்பீட்டை உருப்படி உருப்படியாகப் பிரித்து எழுத்தில் கேளுங்கள். மருத்துவர் ஆலோசனை, இரத்தப் பரிசோதனை, மயக்கமருந்து, அறுவை, கம்பி முதலிய பொருள்கள், அறுவை முடிந்ததும் எடுக்கும் எக்ஸ்ரே, ஓர் இரவுக்கான தங்கும் கட்டணம், வீட்டுக்குக் கொடுக்கும் மருந்து, கழுத்துக் கூம்பு, தையல் பிரிப்பு, பின்னாளில் எடுக்கும் எக்ஸ்ரேக்கள், கம்பி அகற்றல் என்று ஒவ்வொன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி மூன்றும்தான் அடிக்கடி விடுபடுபவை. பல மதிப்பீடுகள் பொருள் சேவை வரியைச் சேர்க்காமல் எழுதப்படுகின்றன. வரி 9 விழுக்காடு என்பதால் 5,000 வெள்ளி என்று எழுதியிருந்தால் கையிலிருந்து போவது 5,450 வெள்ளி. குறைந்த அளவு, அதிக அளவு என இரண்டு தொகைகள் கொடுத்தால், அதிக அளவையே உங்கள் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதிக்கும்போதே முன்பணம் கேட்பார்கள். குட்டியை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் நாளில் மீதியைக் கட்ட வேண்டும். கடன் அட்டையின் வரம்பை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். தவணை முறையில் கட்டலாமா என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. சில மருந்தகங்கள் ஏற்பாடு செய்கின்றன. காப்பகத்திலிருந்து தத்தெடுத்த குட்டி எனில் அந்த அமைப்பிடமும் சொல்லுங்கள். தங்களுக்குப் பழக்கமான மருந்தகத்துக்கு அவர்கள் வழிகாட்டலாம்.

6. காப்புறுதியும் ஆவணங்களும்

குட்டி நலமாக இருக்கும்போது இதைப் படிப்பவர்கள், காப்புறுதியை இப்போதே எடுத்துவிடுங்கள். காப்புறுதி தொடங்கியபின் குறிப்பிட்ட நாள்கள் காத்திருப்புக் காலம் உண்டு. அதற்குள் நேரும் காயத்துக்கும், முன்பே இருந்த குறைக்கும் பணம் கிடைக்காது. பொதுவாக நீங்கள் முதலில் மருத்துவமனைக்குக் கட்டிவிட்டு, பின்னர் காப்புறுதி நிறுவனத்திடம் கோர வேண்டும். ஓர் அறுவைக்கு உச்சவரம்பு என்ன, நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு எத்தனை விழுக்காடு, விபத்தும் நோயும் தனித்தனி வரம்பில் வருகின்றனவா என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள். முன்பக்க மேடு பெயர்வது பெரிய விபத்து இல்லாமலும் நேர்வதால், அதை விபத்தாகக் கருதுவார்களா என்ற கேள்வி எழும். எந்த நாள், எந்த நேரத்தில், எதிலிருந்து குதித்தபோது நொண்டத் தொடங்கியது என்பதை முதல் மருத்துவரின் குறிப்பிலேயே தெளிவாக எழுதச் சொல்லுங்கள். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.

கையில் இருக்க வேண்டிய தாள்கள் இவை: நாய் உரிமம், மைக்ரோசிப் எண், தடுப்பூசி அட்டை, பரிந்துரைக் கடிதம், முதல் மருந்தகத்தின் முழு மருத்துவக் குறிப்பு, எக்ஸ்ரே மூலக் கோப்புகள், இரத்தப் பரிசோதனை முடிவு, உருப்படிவாரியான மதிப்பீடு, அறுவை அறிக்கை, இறுதி விலைப்பட்டியல், பணம் கட்டிய ரசீது. விலைப்பட்டியலும் ரசீதும் வெவ்வேறு, இரண்டும் வேண்டும்.

மூன்று மாத வயதைக் கடந்த நாய்க்கு உரிமம் கட்டாயம். புதிதாகக் குட்டி வாங்கியவர்களும் தத்தெடுத்தவர்களும், உரிமமும் மைக்ரோசிப் பதிவும் முந்தைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். பெயர் மாற்றாமல் விட்டால், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுபவர் ஒருவர், பதிவிலுள்ள உரிமையாளர் வேறொருவர் என்ற நிலை வந்து, கோரிக்கை தேங்கி நிற்கும்.

7. அறுவை நாள்

உணவு நிறுத்தும் நேரத்தை மருத்துவமனையிடம் எழுத்தில் பெறுங்கள். மிகச் சிறிய குட்டிகள் நெடுநேரம் பட்டினி கிடந்தால் இரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். ஆகவே வளர்ந்த நாய்க்குச் சொல்லும் நேரத்தை நீங்களாகவே குட்டிக்குப் பொருத்தாதீர்கள். ஒப்புதல் படிவத்தில், இதயம் நின்றால் மீட்பு முயற்சி செய்ய வேண்டுமா, செலவு மதிப்பீட்டைத் தாண்டினால் யாரை அழைப்பது என்ற கேள்விகள் இருக்கும். வீட்டில் முந்தைய இரவே பேசி முடிவெடுத்துவிட்டுச் செல்லுங்கள். வரவேற்பு மேசையின் முன் நின்று முடிவெடுக்க வேண்டிய விஷயம் அல்ல அது.

அறுவை முடிந்ததும் எடுத்த எக்ஸ்ரேயை மருத்துவருடன் அமர்ந்து பாருங்கள். கம்பி முனைகள் மூட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதையும், முழங்கால் சில்லு தன் இடத்துக்கு வந்துவிட்டது என்பதையும் சுட்டிக்காட்டச் சொல்லுங்கள்.

8. வீட்டில் முதல் இரண்டு வாரங்கள்

குட்டி வருவதற்கு முன்பே வீட்டைத் தயார்செய்யுங்கள். வீவக வீடுகளின் வழவழப்பான தரைதான் முதல் எதிரி. குட்டி நடக்கக்கூடிய இடமெங்கும் யோகா விரிப்போ ரப்பர் விரிப்போ போட்டு, ஓரங்களை ஒட்டுங்கள். சோபா, கட்டில் ஆகியவற்றுக்கு ஏற முடியாதபடி வழியை அடையுங்கள். எழுந்து நிற்கவும் திரும்பவும் மட்டும் இடமுள்ள கூண்டு ஒன்று வேண்டும். குட்டி வலியில்லாமல் துள்ளத் தொடங்கும் நேரம், எலும்பு கூடுவதற்கு வெகுமுன்பே வந்துவிடும். கம்பி வளைவதும் பிடுங்கிக்கொள்வதும் அந்த நாள்களில்தான். எனவே நான்கு முதல் ஆறு வாரங்கள் ஓட்டம், தாவல், படியேற்றம், வேறு நாயுடன் விளையாட்டு எதுவும் கூடாது. சிறுநீர் கழிக்க வாரில் பிடித்து, வயிற்றுக்கடியில் துண்டு கொடுத்துத் தாங்கி, சில நிமிடங்கள் மட்டும் நடத்துங்கள். மின்தூக்கியில் குட்டியைத் தூக்கிக்கொள்ளுங்கள். கதவு திறந்ததும் எதிரே இன்னொரு நாய் நின்றால் அது தாவும்.

கழுத்துக் கூம்பைக் கழற்றாதீர்கள், பாவமாக இருக்கிறது என்று ஒரு மணி நேரம்கூடக் கழற்றாதீர்கள். தையலைப் பிரிக்கச் சில நொடிகள் போதும். நம் ஊர் ஈரப்பதத்தில் காயம் விரைவில் நனைந்து கெடும். கூண்டுக்கு மின்விசிறிக் காற்று வரட்டும். கட்டு இருந்தால், வெளியே போகும்போது மட்டும் பிளாஸ்டிக் உறை போட்டு, வந்தவுடன் அகற்றுங்கள். கட்டு நனைந்தாலோ, நாற்றம் வந்தாலோ, விரல்கள் வீங்கினாலோ அன்றே மருந்தகத்துக்குப் போக வேண்டும். தையல் 10 முதல் 14 நாள்களில் பிரிக்கப்படும்.

வீட்டில் பெரியவர்கள் அன்போடு ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுக்க விரும்புவார்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களைச் சிதைப்பவை என்பதால் அது வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். கால்சியம் மாத்திரையும் வேண்டாம். குட்டிகளுக்கான நல்ல உணவில் தேவையான அளவு இருக்கிறது, பெரிய இனக் குட்டிகளுக்குக் கூடுதல் கால்சியம் எலும்பு வளர்ச்சியையே கெடுக்கும். மருத்துவர் கபாபென்டின் என்ற வலி மருந்தை எழுதினால், மனிதர்களுக்கான அதன் திரவ மருந்தில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்திருக்கக்கூடும், அது நாய்க்கு நஞ்சு; மருந்தை மருந்தகம் கொடுத்த வடிவத்திலேயே கொடுங்கள்.

பகலில் வேலைக்குச் செல்பவர்கள், முதல் சில நாள்களுக்கு வருடாந்திர விடுப்பைச் சேர்த்து வையுங்கள். தாத்தா பாட்டியோ இல்லப் பணிப்பெண்ணோ பார்த்துக்கொள்வதாக இருந்தால், மருந்து நேரத்தையும், எப்போது அழைக்க வேண்டும் என்பதையும் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள். ஓய்வுக்காலம் ஜூன் முதல் ஆகஸ்ட்வரை விழுந்தால், தேசிய தின அணிவகுப்பு ஒத்திகைச் சனிக்கிழமைகளில் விமானச் சத்தமும் வாணவேடிக்கையும் குட்டியைத் திடுக்கிடச் செய்யும்; அந்த மாலைகளில் சன்னலை மூடி, ஒருவர் கூண்டருகே இருங்கள்.

9. முழங்காலை மடக்கி நீட்டுதல்

இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் அறுவைக்கு அடுத்தபடியாக முக்கியமானது இதுதான். தொடை எலும்பின் கீழ்நுனி முறிந்த இளம் குட்டிகளில், முன்தொடைத் தசை எலும்போடு ஒட்டி இறுகி, கால் குச்சிபோல நேராக நீட்டியபடியே விறைத்துவிடும் அபாயம் உண்டு. அது முற்றிவிட்டால் மீட்பது மிகக் கடினம். சில நாய்கள் காலையே இழக்கின்றன. காலை நேராக நீட்டி வாரக்கணக்கில் கட்டி வைப்பது இந்த அபாயத்தைப் பெருக்கும். தொடை எலும்பு அறுவைக்குப் பின் நெடுநாள் கட்டு என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள்கள், துணியில் சுற்றிய பனிக்கட்டிப் பையைப் பத்து நிமிடம் வீதம் நாளொன்றுக்குச் சில முறை வைப்பது வீக்கத்தைக் குறைக்கும். அதன்பின், மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து, குட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, முழங்காலை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். வலி காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துச் செய்தால் எளிதாக இருக்கும். முன்பக்க மேடு பெயர்ந்த குட்டிக்கு விதி வேறு: முழங்காலை முழுவதுமாக மடக்கினால் தசை அந்த மேட்டை மீண்டும் இழுக்கும். ஆகையால் எவ்வளவு மடக்கலாம் என்பதை மருத்துவர் உங்கள் கையைப் பிடித்துக் காட்டட்டும். அதைக் காணொளியாகப் பதிவுசெய்துகொள்ளுங்கள்.

முழங்கால் நாளுக்கு நாள் குறைவாக மடங்குகிறது என்று தோன்றினால் அடுத்த சந்திப்புவரை பொறுக்காதீர்கள். அதே வாரத்தில் காட்டுங்கள். நீர்ப்பயிற்சியும் இயன்மருத்துவமும் தரும் நிலையங்கள் இங்கே இருக்கின்றன. காயம் முழுமையாக ஆறியபின் மட்டுமே தண்ணீரில் இறக்க வேண்டும்.

10. மறு எக்ஸ்ரே, கம்பி அகற்றல்

மூன்று நான்கு வாரங்களில் முதல் மறு எக்ஸ்ரே எடுப்பார்கள். இழுகம்பியை எடுக்க வேண்டிய மிக இளம் குட்டிக்கு இந்தத் தேதி தவறக் கூடாது. ஒவ்வொரு வாரத் தாமதமும் வளர்ச்சியில் கழியும். ஆறு முதல் எட்டு வாரங்களில் இன்னொரு படம் எடுத்து எலும்பு கூடியதை உறுதிசெய்தபின், நடையைப் படிப்படியாகக் கூட்டலாம். மற்றபடி, கம்பிகள் தோலுக்கடியில் தடித்துத் தெரிந்தால், நகர்ந்தால், அல்லது குட்டி மீண்டும் நொண்டத் தொடங்கினால் மட்டுமே அவற்றை எடுப்பார்கள். அந்த இடத்தில் மெத்தென்ற நீர்க்கட்டியோ, சீழோ, சூடோ தெரிந்தால் உடனே காட்டுங்கள்.

நான்கைந்து மாதக் குட்டியாக இருந்தால், வளர்ச்சி முடியும்வரை இரண்டு கால்களின் நீளத்தையும் மாதம் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேளுங்கள். கால் சற்றுக் குட்டையாகிப்போனாலும் பல நாய்கள் மூட்டுகளைக் கூடுதலாக நீட்டி அதை ஈடுகட்டிக்கொள்கின்றன. கோணலாக வளர்வதைத்தான் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும். இந்தப் பிற்கால எக்ஸ்ரேக்களுக்கான கோரிக்கையை, ஒப்பந்தத்தில் குறித்துள்ள கெடு முடிவதற்குள், ஒவ்வொரு சந்திப்பு முடிந்ததும் தனித்தனியாக அனுப்பிவிடுங்கள். காப்புறுதி ஆண்டு புதுப்பிக்கும் தேதி இடையில் வந்தால், கம்பி அகற்றும் அறுவை எந்த ஆண்டின் வரம்பில் சேரும் என்று எழுத்தில் கேட்டு, அந்தப் பதிலையும் மற்றத் தாள்களோடு வையுங்கள்.